பதிலுக்கு ஓர் ஆள்

சலோமி கண் விழித்தபோது அவளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். தலைக்கு மேலே வானமும் இல்லை, கூரையும் இல்லை. வெட்டிய பாறைதான் இருந்தது, அதில் ஈரம் மினுங்கியது. விளக்குகள் வரிசையாக வந்து பின்னால் போயின. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது. எங்கே இருக்கிறோம் என்று யோசிக்கவும் தெம்பில்லை.

கட்டில் ஓரிடத்தில் நின்றது. எதிரே ஆளுயரத்துக்கும் மேலான ஒரு வெள்ளைக் கதவு. அதன் உச்சியில் யாரோ குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். கூட வந்த நடுவயது நர்ஸ் கதவை நிமிர்ந்து பார்த்து, "நெத்தி இன்னும் தொறக்கல. கொஞ்சம் நில்லுப்பா," என்றாள் கட்டிலைத் தள்ளியவரிடம்.

அந்தச் சொல் சலோமியின் காதில் விழுந்து சற்று நேரம் கழித்துத்தான் பொருள் தந்தது.

நெத்தி என்பது நெற்றி அல்ல. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சுமேரியர்கள் களிமண் பலகைகளில் எழுதிவைத்த கதையில், இறந்தவர்களின் உலகத்துக்கு வாயிற்காவலனாக நிற்பவனின் பெயர் அது. அந்தக் கதவுக்கு அந்தப் பெயரை வைத்தவள் சலோமியேதான். அந்தக் கதவைத் தாண்டி ஒருவர் மேலே போகிறார் என்றால் அதற்கு என்ன பொருள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவள் நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எனக்குப் பதிலா கீழ யாரு இருக்காங்க?"

நர்ஸின் பெயர் நவமணி. ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொன்றாகச் சலோமிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள்களை அவள் ஒரு தட்டில் வைத்திருந்தாள். தட்டு கைநழுவிக் கீழே விழுந்தது. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம், திருமண மோதிரம் ஒரு பக்கம் போய் விழுந்தன. எழுகிறவர்கள் எல்லோரும் முதலில் தண்ணீர்தான் கேட்பார்கள், இந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்று நவமணி பிறகு சொன்னாள். அப்போது குனிந்து பொருள்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு டாக்டர் மாதங்கி, சலோமி பண்டைய வரலாறு கற்பித்த பெங்களூர்க் கல்லூரிக்கு அவளைத் தேடி வந்தார். நரம்பியல் மருத்துவர். கோலார் தங்கவயலில் மூடிக்கிடந்த சுரங்கம் ஒன்றில் தண்ணீரை இறைத்து வெளியேற்றி, இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தார். விபத்தில் அடிபட்டு ஆண்டுக்கணக்கில் நினைவில்லாமல் கிடப்பவர்களை எழுப்புவதற்கான மருத்துவமனை. சலோமி கல்யாணமாகிப் போன ஊர் தங்கவயல். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வந்து போகிறவள். அதனால் ஊர்க் கதை கேட்பதுபோல ஆவலாகக் கேட்டாள்.

"மூளை செத்துப்போகல சலோமி. அதைத் தட்டி எழுப்புற தாளம் ஒண்ணு இருக்கு, அதுதான் நின்னுபோச்சு," என்றார் டாக்டர். "இன்னொருத்தரோட தாளத்தை இரவல் வாங்கிக் குடுத்தா எழுந்துக்குவாங்க. ஆனா ஒரு தாளத்தை ஒரே நேரத்துல ரெண்டு பேர் வெச்சுக்க முடியாது."

அப்படியானால் கொடுத்தவர் என்ன ஆவார் என்று சலோமி கேட்டாள். தூங்குவார் என்றார் டாக்டர். வானத்திலிருந்து ஓயாமல் விழும் கதிர்கள் அந்த மெல்லிய தாளத்தைக் கலைத்துவிடும், அதனால் கொடுப்பவர் ஆழத்தில், பாறைக்குக் கீழேதான் கிடக்க வேண்டும். ஆறு மாதம் வரைக்கும் உடம்பு தாங்கும். அதற்குப் பிறகு அவரை எழுப்பி ஆறு மாதமாவது நடமாட விட வேண்டும். அதுவரை வாங்கியவர் படுக்க வேண்டும், இல்லையென்றால் வேறொருவர் இறங்க வேண்டும். யாருடைய தாளமும் யாருக்கும் பொருந்திவிடாது. பல ஆண்டுகள் ஒரே கூரைக்குக் கீழே தூங்கி எழுந்தவர்களுக்குள்தான் பொருந்தும்.

டாக்டர் வந்த காரணம் வேறு. அந்த இயந்திரத்துக்கு உலோகம் ஆகாது. அதனிடம் போகும் வழியில் ஏழு கதவுகள் வைத்திருந்தார்கள். முதல் கதவில் கைபேசி, இரண்டாவதில் கடிகாரம், மூன்றாவதில் நகை என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கடைசிக் கதவில் உடுத்திய துணியையும் மாற்ற வேண்டும். இப்படி ஏழு வாசலில் எல்லாவற்றையும் இழந்துகொண்டே ஒருத்தி கீழே இறங்கும் கதையைத் தான் எப்போதோ படித்ததாக டாக்டர் சொன்னார்.

சலோமி சிரித்துவிட்டாள். ஜெர்மனியில் நான்கு ஆண்டுகள் அந்தக் கதை எழுதிய பலகைகளோடு மல்லுக்கட்டியவள் அவள். வானத்தின் அரசி இனன்னா தன் அக்கா எரெஷ்கிகல் ஆளும் பாதாளத்துக்குப் போகிறாள். காவலன் நெத்தி ஏழு வாசலிலும் அவள் கிரீடம், மணிமாலை, ஆடை என்று ஒவ்வொன்றாகப் பறிக்கிறான். வெறும் உடம்பாக அக்காவின் முன் நின்றவளைக் கொன்று ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். மூன்று நாள் கழித்து ஒருவழியாக உயிர் வருகிறது. ஆனால் கீழே போன யாரும் சும்மா மேலே வர முடியாது. பதிலுக்கு ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும். ஆள்பிடிக்க வந்த பூதங்களோடு அவள் வீட்டுக்கு வந்து பார்க்கிறாள். அவள் புருஷன் துமுசி துக்கமே இல்லாமல் நல்ல துணி உடுத்திச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். "இவனைக் கொண்டுபோங்கள்," என்கிறாள். அவன் தங்கை கெஷ்தினன்னா ஓடிவந்து, அண்ணனுக்காகப் பாதி ஆண்டு நான் கிடக்கிறேன் என்கிறாள். ஆறு மாதம் அவன், ஆறு மாதம் அவள்.

டாக்டர் மாதங்கி எழுதிக்கொண்டிருந்த குறிப்பேட்டை மூடினார். பிறகு, "இது எங்க ஆஸ்பத்திரி," என்றார்.

அன்று விளையாட்டுப்போல வைத்த பெயர்கள் அவை. இயந்திரத்துக்கு எரெஷ்கிகல். கதவுகளுக்கு நெத்தி. யாருக்கு யார் பொருந்துவார் என்று கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரலுக்கு நம்தார். அவன் பாதாள அரசியின் மந்திரி, விதி என்று பெயரின் பொருள். ஆஸ்பத்திரிக்குச் சாவு தெய்வங்களின் பெயரா என்று சலோமி தயங்கினாள். யாருக்குத் தெரியப்போகிறது என்றார் டாக்டர். யாருக்கும் தெரியவில்லைதான். வேலையாட்கள் நெத்தி என்றதும் பொட்டு வைத்தார்கள்.

எழுந்து மூன்று நாள் ஆகியும் அவளுக்காக இறங்கியவரின் பெயரை டாக்டர் சொல்லவில்லை. நாற்பது நாள் சொல்லக் கூடாது என்பது விதி. தெரிந்துகொண்ட ஒருவர், மூன்றாம் நாளே தன் குழாய்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டாராம். அவள் பத்தொன்பது மாதம் நினைவில்லாமல் கிடந்தாள், பங்காருபேட்டை சாலையில் லாரி மோதியது, காரை ஓட்டிய கணவர் ஜெயசீலனுக்கு மணிக்கட்டு முறிந்ததோடு போயிற்று, இவ்வளவுதான் சொன்னார்.

சலோமிக்கு அதுவே போதுமாக இருந்தது. ஓட்டியவர் அவர். பன்னிரண்டு ஆண்டு ஒரே வீட்டில் தூங்கியவர் அவர். வேறு யார் இறங்கியிருப்பார்கள்? ஜன்னலுக்கு வெளியே தெரிந்த சுரங்க மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு முழுநாள் அழுதாள். அந்த மண்ணுக்குக் கீழே அவர் வாயில் குழாயோடு படுத்திருப்பதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் ஜெயசீலன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கையில் ஆரஞ்சுப் பை. கஞ்சி போட்டுத் தேய்த்த புதுச் சட்டை. தலைக்குச் சாயம் பூசியிருந்தார்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். அவர் இருக்கிறார், நடக்கிறார். அதன் பின்னாலேயே வந்ததற்கு அவளுக்குப் பெயர் தெரியவில்லை. அவர் அவளுடைய உள்ளங்கையில் முகத்தைப் புதைத்து அழுதார். அது பொய் அழுகை இல்லை. கீழே யார் என்று கேட்டாள். தெரியாது என்றார், பெயர் சொல்ல மாட்டார்களாம், யாரோ நல்லவர்கள் என்றார். யாரோ ஒருவர் பொருந்த முடியாது என்பது அவளுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அவளுடைய வேலையைப் பற்றி அந்த வீட்டில் அவ்வளவாகப் பேசிக்கொண்டதில்லை.

கூடப் பிறந்த தம்பிக்குப் போன் செய்தாள். நாசரேத்திலிருந்து அவன் எடுத்து ஓவென்று அழுதான். அவன் இல்லை. ஜெர்மனியில் ஒரே அறையில் தங்கியிருந்த தோழியும் இல்லை. கிருபா எங்கே என்று கணவரிடம் கேட்டாள். அவருடைய தங்கை கிருபா கல்யாணம் செய்துகொள்ளாதவள். பதினொரு ஆண்டாக அவர்களோடுதான் இருந்தாள். தையல் தைப்பாள். குவைத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறாள், நல்ல இடம், அரபிக்காரர் வீடு என்றார் ஜெயசீலன். கேட்டதற்கு உடனே பதில் வந்தது. அதை நம்பத்தான் அவளுக்கும் ஆசையாக இருந்தது. நம்பினாள்.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் காலை, அடுப்படியில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நன்றாகவே அரிந்தாள், மெல்லிசாக, சீராக. பாதி வெங்காயம் முடிந்த பிறகுதான் கத்தி இடது கையில் இருப்பதைக் கவனித்தாள்.

சலோமி வலது கைக்காரி.

கத்தியை மேடையில் வைத்தாள். ஒரு காகிதத்தை எடுத்து இடது கையால் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். எழுத்து சரிவாக, வட்ட வட்டமாக வந்தது. அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். மளிகைப் பட்டியலிலும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் வசன அட்டைகளிலும் பதினொரு ஆண்டாகப் பார்த்த கையெழுத்து. கொடுப்பவரின் பழக்கம் ஏதாவது ஒட்டிக்கொண்டு வரலாம் என்று டாக்டர் முன்பு எப்போதோ சொல்லியிருந்தார்.

பகல் ஷிப்டு முடிந்து ஜெயசீலன் வந்ததும், அந்தக் காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தார்.

நம்தார் இரண்டு பெயர் காட்டியது, முதல் பெயர் அவருடையது. அவர் கையெழுத்துப் போட்டார், அது உண்மை. இறங்க வேண்டிய நாளில் வழியனுப்பக் கிருபாவும் கூட வந்தாள். முதல் கதவில் கைபேசியைக் கொடுத்தார். இரண்டாவதில் கடிகாரத்தை. மூன்றாவதில் மோதிரத்தைக் கழற்றும்போது கால் மடங்கிவிட்டது.

"என்னால முடியல சலோமி. மூச்சே வரல. அப்படியே உக்காந்துட்டேன். கிருபா என்னைப் பார்த்தா. காதுல இருந்த தோட்டைக் கழட்டித் தட்டுல வெச்சா. நான் வெளிய வந்துட்டேன்."

அவள் என்ன சொன்னாள் என்று சலோமி கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள் என்றார்.

அன்று சாயங்காலம் வரைக்கும் சலோமி ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் எதிரே இருந்தார். நாளைக்கே நான் போய் மாற்றிக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தாள். அவர் இரண்டு முறை வாயைத் திறந்தார். ஒரு முறை தண்ணீர் கேட்டார். இன்னொரு முறை, "சாப்பிட ஏதாவது பண்ணவா?" என்றார்.

கதையில் இனன்னா சொன்னதை அவளும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கேட்டு வாங்கிய உயிரோடு அந்த மனிதரின் பக்கத்தில் எப்படிப் படுப்பது? மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்துத் தனியாக மருத்துவமனைக்குப் போனாள். கிருபாவின் ஆறு மாதம் முடிய இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறதே என்று டாக்டர் மாதங்கி தடுத்தார். அவள் கேட்கவில்லை. நவமணிதான் கூட வந்தாள். ஏழு கதவுகளிலும் சலோமி தானாகவே எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தாள். கடைசிக் கதவுக்கு அப்பால், முப்பது கட்டில்களுக்கு நடுவே கிருபா கிடந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஒரு கன்னத்தில் குழாயின் பட்டி அழுத்திய தழும்பு. சலோமி அவளுடைய இடது கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் படுத்தாள். இனி எழுந்திருப்போம் என்று அவள் நினைக்கவில்லை.

எழுந்தாள். இந்த முறை மேலே, வெளிச்சமான அறையில். பக்கத்து நாற்காலியில் கிருபா உட்கார்ந்து துணியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது.

நாற்பத்தாறு நாள் ஆகியிருக்கிறது என்றாள். சலோமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ இங்கே இருந்தால் கீழே யார் என்று கேட்டாள்.

"அண்ணன்," என்றாள் கிருபா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவராகவே போனாரா என்று கேட்டபோது சலோமியின் குரலில் ஓர் ஆசை இருந்தது. அது கிருபாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். தைப்பதை நிறுத்தினாள்.

"இல்ல அண்ணி. நான்தான் அனுப்பிச்சேன்."

எழுந்து ஆறு வாரமானதும் கிருபா ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனாள். கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் வரலாம் என்று பாஸ்டர் கூப்பிட்டார். இருபது ஆண்டாக அந்தச் சபையில் ஒரு நாளும் சாட்சி சொல்லாதவள் எழுந்து முன்னால் போனாள். குவைத்திலிருந்து வந்திருக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். குவைத் இல்லை, பாறைக்குக் கீழே கிடந்தேன் என்றாள். கர்த்தர் தன்னை எழுப்பினார், இப்போது அண்ணி கீழே இருக்கிறார்கள் என்றாள். சபையில் பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

"அப்புறம் சொன்னேன், எங்க அண்ணன் பொண்டாட்டிக்காக இறங்கப் போறாரு, அவருக்காக ஜெபம் பண்ணிக்கோங்கன்னு. எல்லாரும் ஆமென்னு சொன்னாங்க. பாஸ்டர் இறங்கி வந்து அவரு தலையில கை வெச்சாரு. சிலபேரு கை தட்டுனாங்க."

"அவரு?"

"எழுந்து நின்னாரு. வேற என்ன பண்ண முடியும்? மறுநாளே சபைக்காரங்க வேன் வெச்சு, பாட்டுப் பாடிக் கூட்டிட்டு வந்தாங்க."

சலோமி அவளையே பார்த்தாள். குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசாதவள். காபி போடு என்றால் போடுவாள், இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்றால் சரி என்பாள். அந்தக் கிருபாவா? இப்படி ஒரு மனிதனை வாயைக் கட்டிக் குழிக்கு அனுப்புவதா? ஏன் செய்தாய் என்று கேட்டாள். அண்ணனுக்காக நீயாகத்தானே தோட்டைக் கழற்றினாய்?

"அப்படியா சொன்னாரு?"

கிருபா துணியை மடித்து மடியில் வைத்தாள். அன்று மூன்றாவது கதவில் அண்ணன் உட்கார்ந்ததும் எல்லோரும் தன்னைத்தான் பார்த்தார்கள் என்றாள். அண்ணன் பார்த்தார். டாக்டர் பார்த்தார். இவங்க பேரு ரெண்டாவதா இருக்குல்ல என்று டாக்டர் நவமணியிடம் கேட்டார். நவமணி தட்டை அவள் பக்கமாக நகர்த்தினாள்.

"தோட்டைக் கழட்டுங்கன்னு சொன்னாங்க. நான் வேணாம்னு சொல்லல அண்ணி. ஏன்னா இறங்குறியான்னு என்னை யாரும் கேக்கல. அண்ணி சாகக் கிடக்கறாங்க, அத்தனை பேரு பார்த்துட்டு நிக்கறாங்க. எப்படி வேணாம்னு சொல்றது? கதவு கதவா அழுதுட்டே போனேன். அதை யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க."

மடித்த துணியை மறுபடி எடுத்தபடி, "அவருக்கும் அது எப்படி இருக்கும்னு தெரியட்டும்னு நெனச்சேன்," என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். "இனிமே நான் இறங்க மாட்டேன் அண்ணி. நீங்க எழவே இல்லன்னாலும் இறங்க மாட்டேன். இப்பவே சொல்லிடறேன்."

சரி என்றாள் சலோமி. அந்த மறுப்பைக் கேட்டதில் அவளுக்கு வலித்தது. வலியோடு ஏதோ ஒரு பாரமும் இறங்கியது.

கால் ஊன்ற முடிந்த முதல் நாளே சலோமி டாக்டரின் அறைக்குப் போனாள். கிருபா நடந்ததை எல்லாம் சொன்னாளே, அது உண்மையா என்று கேட்டாள். டாக்டர் மாதங்கி மறுக்கவில்லை. அப்படியானால் இனி யாரையும் இறக்குவதற்கு முன்பு தனியாக அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, குடும்பத்தார் யாரும் இல்லாமல் கேளுங்கள் என்றாள் சலோமி.

"தனியா கேட்டா யாரும் இறங்க மாட்டாங்க சலோமி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். அதனாலதான் கேக்கல." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. "முதல் மூணு பேர்கிட்ட தனியா கேட்டேன். மூணு பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் குடும்பத்தோட வரச் சொன்னேன். இன்னிக்கு முப்பது பேரு கண்ணைத் திறந்து நடமாடறாங்க. அதுல ஒருத்தி எட்டு மாசக் குழந்தையோட அம்மா. நீயும் ஒருத்தி. நான் கேட்டிருந்தா நீ இப்ப இங்க நின்னு என்கிட்ட சண்டை போட்டுட்டு இருக்க மாட்ட."

இத்தனை நாள் தவறி நடந்தது என்று நினைத்திருந்தாள். ஏற்பாடே அதுதான். பாதாள அரசியின் கதையை இந்தப் பெண்ணுக்குச் சொன்னவள் அவள். எரெஷ்கிகல் கெட்டவள் இல்லை, தலைமுடி சிக்குப் பிடித்து வலியில் முனகிக்கொண்டு கிடக்கிறவள், தன்னோடு சேர்ந்து அழுத இரண்டு சிறு உயிர்களுக்காகத்தான் இனன்னாவின் உடலைத் திருப்பிக் கொடுத்தாள் என்றும் சொல்லியிருந்தாள். அந்தப் பகுதியை டாக்டர் குறித்துக்கொள்ளவே இல்லை.

ஒரு மாதம் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் கிருபா அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதையும் சபையில் சொல்வாள், அதன் பிறகு பத்திரிகைக்காரர்களிடம் நான் சொல்வேன் என்றாள் சலோமி. டாக்டர் சம்மதித்தார். பயந்து சம்மதித்ததாகத் தெரியவில்லை. யாராவது வந்து இதைச் சொல்ல வேண்டும் என்று அவரும் காத்திருந்ததுபோல இருந்தது.

கேட்கும் வேலையைச் சலோமியே எடுத்துக்கொண்டாள். மேல்தளத்தில் ஒரு சிறிய அறை. இரண்டு நாற்காலி, ஒரு ஜாடி தண்ணீர். பொருந்தியவர்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்துக் கதவைத் தாழிட்டுவிட்டு, எல்லோரிடமும் ஒன்றையே சொன்னாள்.

"இஷ்டம் இல்லன்னா தலையை மட்டும் ஆட்டுங்க. பொருந்தலன்னு வெளிய சொல்லிடுவோம். வேற யாருக்கும் தெரியாது."

அந்த மாதம் பதினாறு பேர் வந்தார்கள். பதினொரு பேர் தலையை ஆட்டினார்கள்.

அவள் எதிர்பார்த்தது வேறு. தலையை ஆட்டியவர்கள் வெட்கப்படுவார்கள் என்று நினைத்தாள். பலர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். ஓர் அப்பா, மகளுக்காக வந்தவர், வெளியே போகும்போது மனைவியின் தோளில் சாய்ந்து, "பொருந்தலியாம்மா," என்று கதறினார். அந்தக் கதறலும் உண்மைதான். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. ஆழத்தில் பதினேழாவது கட்டில். சலோமி ஒருநாள் இறங்கிப்போய்ப் பார்த்தாள். பெண்ணின் கால்விரல்களில் யாரோ மருதாணி இட்டுவிட்டிருந்தார்கள். அம்மாவாக இருக்கும். அன்று வீட்டுக்கு வந்து சோற்றில் கைவைக்க முடியவில்லை. தான் செய்வது சரிதானா என்று கிருபாவிடம் கேட்டாள். தெரியல அண்ணி என்றாள் கிருபா.

இறங்கச் சம்மதித்த ஐந்து பேரில் ஒருவர், நோயாளியின் வீட்டில் முப்பது ஆண்டு சமையல் செய்த சரோஜினியம்மாள். குடும்பத்தார் அவரைப் பட்டியலில்கூடச் சேர்த்திருக்கவில்லை. நம்தார்தான் கண்டுபிடித்தது. ஏன் போகிறீர்கள் என்று சலோமி கேட்டாள். கேட்டீங்களே அதான் என்றார் அந்தம்மாள்.

ஒரு மாதம் என்றது அப்படியே நீண்டது. டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. ஆறு மாதம் முடிந்தபோது சலோமி தன் கல்லூரிப் புத்தகங்களை அடுக்கி வைத்தாள். தம்பியை வரவழைத்துப் பேசி அனுப்பினாள். ஜெயசீலன் எழ வேண்டிய நாள் அது, அவள் படுக்க வேண்டிய நாளும் அது. அவர் ஆறு மாதம் மேலே இருப்பார். அதன்பின் மறுபடி இறங்குவாரா என்று அவரைக் கேட்க வேண்டும். கேட்பதற்குச் சலோமி இருக்க மாட்டாள். கேள்வி அறையின் சாவியை நவமணியிடம் கொடுத்தாள்.

நவமணி சாவியை வாங்கிக்கொண்டு அழுதாள். அன்று கிருபாவின் பக்கம் தட்டை நகர்த்திய கை இதுதானே என்றாள். அதனால்தான் உங்களிடம் கொடுக்கிறேன் என்றாள் சலோமி.

ஜெயசீலனைத் தனியாகக் கேட்க வேண்டும். சபையிலிருந்து ஒருவரும் வரக் கூடாது. கேட்கும் நாளில் கிருபா அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் கிருபா சரி என்றாள்.

சலோமியும் கிருபாவும் லிப்டு வரைக்கும் நடந்தார்கள். காலை வெயில் மண்மேட்டின் மேல் வெள்ளையாக விழுந்திருந்தது. சலோமி ஒரு நிமிடம் நின்று அதைப் பார்த்தாள்.

"அவரு இல்லன்னு தலையாட்டிட்டா?" என்றாள் கிருபா.

"வீட்டுக்குப் போகட்டும். நல்லா சாப்பிடச் சொல்லு."

"அவரு என்ன சொன்னாருன்னு உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

"கண்ணு திறந்தா தெரியும்," என்றாள் சலோமி. லிப்டின் கதவு திறந்தது. அவள் உள்ளே போனாள்.